வானொலியை உபயத்துக்கு எடுத்தவர்கள்

திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படிக்கும் பிள்ளை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜே. வால்டர் தொம்சன் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனம் வானொலி நாடகங்களையும் பாட்டு நிகழ்ச்சிகளையும் தானே தயாரித்தது என்று பாடக்குறிப்பில் ஒரு வரி வருகிறது. விளம்பர நிறுவனத்துக்கு ஒலிபரப்பில் என்ன வேலை? எங்கள் இலங்கை வானொலியிலும் இப்படி நடந்ததா?"

நல்ல கேள்வி, மகள். அந்த ஒரு வரிக்குள் முப்பது வருடக் கதை கிடக்கிறது.

முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பத்து நாள் திருவிழா என்றால் ஒவ்வொரு நாளும் ஒருவருடைய உபயம். கோவில் நாளைக் கொடுக்கும், இடத்தைக் கொடுக்கும், சுவாமியைக் கொடுக்கும். அன்றைக்கு எந்த ஊர் மேளம், எத்தனை கூட்டம் நாதஸ்வரம், சோடனை எப்படி என்பதெல்லாம் உபயகாரர் பாடு. உபயகாரர் கடை முதலாளியாக இருந்தால் அவருக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்காது. விசயம் தெரிந்த ஒருவரைப் பிடித்து "நீ எல்லாம் பார்த்துக்கொள்" என்று விடுவார். அமெரிக்க வானொலி 1930களில் நடந்தது அப்படித்தான். வானொலி நிலையம்தான் கோவில். சவர்க்காரக் கம்பனி உபயகாரர். "எல்லாம் பார்த்துக்கொள்" என்று விடப்பட்டவர்தான் விளம்பர நிறுவனம். அந்த வேலையில் மிகப் பெரிய கைகளில் ஒன்று ஜே. வால்டர் தொம்சன்.

நான் கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பதினொரு வருடம் தமிழ் வாசகம் எழுதியவன். அதற்கு முதல், இந்த ஊரில் அப்பாவின் றேடியோ திருத்தும் கடையில் ஈயம் பற்றவைத்து வளர்ந்தவன். அதனால் இந்தக் கதையை இரண்டு பக்கத்தாலும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன்.

நிறுவனத்தின் தொடக்கம் 1864. நியூயோர்க்கில் வில்லியம் கார்ல்டன் என்பவர் சமயப் பத்திரிகைகளில் விளம்பர இடம் விற்கத் தொடங்கினார். சில வருடங்களில் அவரிடம் கணக்கெழுத வந்து சேர்ந்த இளைஞன்தான் ஜேம்ஸ் வால்டர் தொம்சன். 1878இல் அவரே கடையை வாங்கிவிட்டார். தொழிலுக்கு 500 டொலர், மேசை கதிரைக்கு 800 டொலர். தொழிலைவிடத் தளபாடத்துக்கு விலை கூட! பாய்க்கப்பல் பிரியர் என்பதால் அவரைக் "கொமடோர்" என்று கூப்பிட்டார்களாம். துறைமுக ஊர்க்காரருக்குப் பிடிக்கக்கூடிய ஆள்தான். அவர் செய்த புத்திசாலித்தனம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துத் தரமான மாத இதழ்கள் விளம்பரம் போடுவதை மரியாதைக் குறைவாக நினைத்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சம்மதிக்க வைத்து, அவற்றின் பக்கங்களை மொத்தமாகப் பிடித்து விற்றார். பெண்கள் வாசிக்கும் இதழ்களின் அருமையை அவர் முந்தியே கண்டுகொண்டார். 1899இல் லண்டனிலும் கடை திறந்தாயிற்று.

1916இல் கொமடோர் ஐந்து லட்சம் டொலருக்கு விற்றுவிட்டுப் போக, ஸ்டான்லி ரீசோர் தலைமைக்கு வந்தார். மறுவருடம் அவர் மணந்த ஹெலன் லான்ஸ்டவுன்தான் என் கணக்கில் அந்த நிறுவனத்தின் மூளை. உட்பரி சவர்க்காரத்துக்குத் தொட ஆசை தரும் சருமம் என்ற கருத்தில் 1911இல் அவர் எழுதிய விளம்பரம் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. 1920இல் ஜோன் வாட்சன் என்ற பேர்போன உளவியலாளரையும் வேலைக்கு எடுத்தார்கள். 1927இல் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியோடு ஓர் ஒப்பந்தம்: கார்க்கம்பனி எந்த நாட்டில் தொழிற்சாலை திறக்கிறதோ அங்கே தொம்சனும் கிளை திறக்க வேண்டும். அப்படித்தான் 1929இல் பம்பாய்க்கும் வந்தார்கள். இந்தப் பம்பாயைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

இனி வானொலி. 1922 ஓகஸ்டில் நியூயோர்க்கின் டபிள்யூ.இ.ஏ.எஃப். நிலையத்தில் ஒரு வீட்டுமனைக் கம்பனி 50 டொலர் கட்டிப் பத்து நிமிடம் பேசியது. காசு வாங்கிய முதல் வானொலி விளம்பரம் என்று அதைத்தான் சொல்வார்கள். 1926இல் என்.பி.சி. வலையமைப்பும் அடுத்த வருடம் சி.பி.எஸ்.ஸும் வந்தன. அவர்களிடம் ஒலிபரப்பு நிலையங்கள் இருந்தன, தொலைபேசிக் கம்பிகள் இருந்தன. ஒரு நாளின் இத்தனை மணித்தியாலத்தையும் நிரப்ப ஆளும் காசும் இல்லை. ஆகவே நேரத்தை விற்றார்கள். திங்கள் இரவு ஒன்பதிலிருந்து பத்துவரை உனக்கு, அதற்குள் என்ன செய்கிறாயோ செய்.

தொம்சனில் வானொலிப் பிரிவைப் பொறுப்பெடுத்தவர் ஜோன் ரீபர். நிலையக்காரர் தயாரித்துத் தருவதை வாங்காமல், எழுத்தாளர், இயக்குநர், இசைக்குழு, பாடகர் எல்லோரையும் நாங்களே பிடித்து நிகழ்ச்சியை நாங்களே செய்வோம் என்று நின்றவர். 1929இல் பிளைஷ்மன் ஈஸ்டுக்காக ரூடி வலீ என்ற பாடகரை வைத்துத் தொடங்கிய நிகழ்ச்சிதான் அவர்களுடைய முதல் பெரிய வெற்றி. ஈஸ்ட் என்றால் பாணுக்குப் போடுகிற அதே ஈஸ்ட்தான். வீட்டில் பாண் சுடுவது குறைந்துபோக, ஈஸ்டைப் பச்சையாகச் சாப்பிட்டால் மலச்சிக்கல் போகும், பரு போகும் என்று தொம்சன் ஆட்கள் நாட்டுக்கே சொல்லிக் கொடுத்தார்கள். சனமும் சாப்பிட்டது.

காசு எப்படி ஓடியது என்பது உங்கள் பாடக்குறிப்பில் இருக்காது, சொல்கிறேன். உபயகாரர் 100 ரூபாய்க்கு வானொலி நேரம் எடுக்கிறார் என்று வையுங்கள். நூறையும் விளம்பர நிறுவனத்திடம் கொடுப்பார். நிறுவனம் 85ஐ நிலையத்துக்குக் கட்டிவிட்டு 15ஐத் தரகாக வைத்துக்கொள்ளும். இந்த 15 வீதம் பத்திரிகைக் காலத்து வழக்கம், வானொலிக்கும் அப்படியே வந்தது. பத்திரிகைப் பக்கம் அரைப்பக்கம், கால்பக்கம் என்று சின்னதாக விலைப்படும். வானொலியிலோ ஒரு மணித்தியாலம், கிழமைக்குக் கிழமை, வருடக்கணக்கு. தரகு தானாக வந்துகொண்டே இருக்கும். ஆகவே நிகழ்ச்சியை யாரும் நிறுத்தாத அளவுக்கு நன்றாகச் செய்வதில் விளம்பர நிறுவனத்துக்கு நேரடி இலாபம் இருந்தது. அந்த நாடகங்களின் தரத்துக்குக் கலை ஆர்வம் எவ்வளவு காரணமோ அவ்வளவு இந்தத் தரகும் காரணம் என்பது என் கட்சி.

லக்ஸ் வானொலி அரங்கைத்தான் இதற்கு முழு உதாரணமாக எடுக்க வேண்டும். லீவர் கம்பனியின் லக்ஸ் சவர்க்காரத்துக்கு அமெரிக்காவில் தொம்சன்தான் விளம்பரம். பத்து நடிகைகளில் ஒன்பது பேர் லக்ஸ் போடுகிறார்கள் என்று 1920களின் கடைசியிலேயே பத்திரிகைகளில் அடித்து விட்டிருந்தார்கள். நடிகைகளைப் பிடித்துக் கையெழுத்து வாங்க ஹொலிவுட்டில் தனி ஆளே வைத்திருந்தார்கள். (1941இல் லீலா சிட்னிஸ் முதல் இந்திய லக்ஸ் நடிகையானார். எங்கள் வீட்டுக் கிணற்றடிவரை அந்த நடிகைகளின் வரிசை வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.) 1934 ஒக்டோபரில் நியூயோர்க்கில் மேடை நாடகங்களை வானொலிக்கு மாற்றி லக்ஸ் அரங்கைத் தொடங்கினார்கள். அவ்வளவாக எடுபடவில்லை. 1936இல் ஹொலிவுட்டுக்கு நகர்த்தி, அப்போது ஓடிய சினிமாப் படங்களையே ஒரு மணித்தியால வானொலி நாடகமாக்கி, அதே நட்சத்திரங்களைப் பேசவைத்தார்கள். முதல் நிகழ்ச்சியில் மார்லீன் டீட்ரிச்சும் கிளார்க் கேபிளும். பிறகு கேட்க வேண்டுமா?

நிகழ்ச்சியை வழங்கியவர் பெரிய இயக்குநர் செசில் பி. டிமில். தயாரிப்பாளர் என்றே அவரை அறிமுகப்படுத்துவார்கள். உள்ளே வேலை முழுக்கத் தொம்சன் ஆட்கள் செய்தது. டிமில் வந்து கம்பீரமாக வாசித்துவிட்டுப் போவார். இதில் நான் பெரிதும் இரசிப்பது கடைசிப் பகுதி. நாடகம் முடிந்ததும் நட்சத்திரங்கள் மேடைக்கு வந்து டிமிலோடு சும்மா கதைப்பார்கள். அந்தச் "சும்மா"வுக்குள் லக்ஸ் வந்துவிடும். அந்தப் பேச்சும் எழுதிக் கொடுத்ததுதான். இன்றைக்கு உங்கள் கைபேசியில் ஒரு நடிகை தன் குளியலறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டே ஒரு முகப்பூச்சின் பெயரைச் சொல்கிறாரே, அதற்கு இதுதான் பாட்டன்.

டிமில் போன விதமும் ஒரு கதை. 1944இல் வானொலிக் கலைஞர் சங்கம் ஒரு தேர்தல் பிரேரணையை எதிர்க்க அங்கத்தவர் ஒவ்வொருவரிடமும் ஒரு டொலர் கேட்டது. ஒரே ஒரு டொலர். தன் கருத்துக்கு மாறான விசயத்துக்குத் தர முடியாது என்று மனுசன் மறுத்துவிட்டார். 1945 ஜனவரியோடு வானொலி வாய்ப்பே போய்விட்டது. நிகழ்ச்சி நிற்கவில்லை, வேறு ஆளை வைத்து 1955வரை ஓடியது. உபயகாரர் மாறாதவரை மேளகாரர் மாறினால் திருவிழா நிற்காதுதானே.

இதே நிறுவனம் சேஸ் அண்ட் சான்பேர்ன் கோப்பிக்காக 1937இலிருந்து எட்கர் பேர்கன் என்பவரையும் அவருடைய சார்லி மக்கார்த்தி என்ற மரப்பொம்மையையும் பேசவைத்தது. பொம்மையை வைத்து உதடு அசையாமல் பேசுவது கண்ணால் பார்க்க வேண்டிய வித்தை. அதை வானொலியில் செய்து ஒரு நாட்டையே சிரிக்கவைத்தார்கள். 1938 ஒக்டோபர் 30இல் ஓர்சன் வெல்ஸின் செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாடகம் சனத்தைப் பயமுறுத்தியதே, அதே நேரத்தில் அடுத்த அலைவரிசையில் ஓடியது இந்தப் பொம்மைதான். வெல்ஸின் நிகழ்ச்சிக்கு அன்றுவரை உபயகாரரே இல்லை. ஆரவாரம் அடங்குவதற்குள் கேம்பல் சூப் கம்பனி வந்து அந்த வருட டிசம்பரிலேயே அதை எடுத்துக்கொண்டது.

கிராப்ட் சீஸ் கதையிலும் இரண்டு விசயம் இருக்கிறது. 1933இல் தொடங்கிய அவர்களுடைய இசை நிகழ்ச்சியில் 1936இலிருந்து பிங் கிராஸ்பி பாடினார். கிழமைதோறும் நேரடியாக நின்று பாட அலுத்துப்போய், முன்கூட்டியே பதிவு செய்ய விடுங்கள் என்று கேட்டார். விடவில்லை. 1946இல் வேறு உபயகாரரிடம் போய்விட்டார். ஜேர்மனியிலிருந்து அமெரிக்கர் கொண்டுவந்திருந்த காந்த ஒலிநாடாவுக்கு அவர் காசு போட்டதால் அந்தத் தொழில்நுட்பமே வேகமாக வளர்ந்தது. மற்றது தொலைக்காட்சி. 1947 மே 7இல் தொம்சன் தயாரிப்பில் கிராப்ட் தொலைக்காட்சி அரங்கு தொடங்கி 1958வரை போனது, கிழமைக்கொரு நேரடி நாடகம். இடைவேளை விளம்பரத்தில் ஆள் முகம் தெரியாது. இரண்டு கைகள் மட்டும் பாண் வெட்டும், சீஸ் தடவும், பின்னால் ஒரு குரல் பக்குவம் சொல்லும். யூடியூபில் இன்று ஓடும் சமையல் வீடியோக்களைப் பாருங்கள், அதே இரண்டு கைகள்.

சரி, கடல் தாண்டி வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிக நெருக்கமான இடம் லண்டன்.

பிரித்தானியாவில் பி.பி.சி.க்கு விளம்பரம் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சமயப் பேச்சும் கனமான விசயங்களும்தான் போடுவார்கள். 1933இலிருந்து றேடியோ லக்சம்பேர்க் ஐரோப்பாவின் ஒரு சின்ன நாட்டிலிருந்து ஆங்கிலத்தில் பாட்டும் கூத்துமாகக் கடல் தாண்டி வீச, சனம் அந்தப் பக்கம் திருகியது. அந்த நிகழ்ச்சிகளைச் செய்தது யார்? லண்டனிலேயே இருந்த விளம்பர நிறுவனங்கள். புஷ் ஹவுஸ் என்ற கட்டடத்தில் தொம்சன் தனக்கென ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டியது. ஹோர்லிக்ஸ் போன்ற பொருட்களுக்கான நிகழ்ச்சிகள் அங்கே பதிவாகி லக்சம்பேர்க்குக்குப் போய், திரும்ப லண்டன் வீடுகளுக்கே காற்றில் வந்தன. இரவில் படுக்கும்போது உடம்புக்குப் பட்டினி, அதனால்தான் காலையில் களைப்பு என்று ஹோர்லிக்ஸுக்காகக் கண்டுபிடித்ததும் அதே லண்டன் கிளைதான். அப்படி ஒரு வியாதியை எந்த வைத்தியரும் கண்டதில்லை. எங்கள் அம்மா அந்த விளம்பரத்தைக் கேட்டிருக்க வழியில்லை, ஆனாலும் சோதனைக் காலத்தில் இரவு ஒன்பது மணிக்கு ஹோர்லிக்ஸ் தராமல் விட்டதில்லை.

போர் வந்ததும் லக்சம்பேர்க் நின்றது. புஷ் ஹவுஸ் பி.பி.சி.யின் வெளிநாட்டுச் சேவைகளின் கைக்குப் போனது, அந்த விளம்பர ஒலிப்பதிவுக் கூடமும் சேர்த்து. பிற்காலத்தில் பி.பி.சி.யின் தமிழ்ச் சேவையான தமிழோசை வந்ததும் அதே கட்டடத்திலிருந்துதான். எங்கள் உள்நாட்டுப் போர்க்காலத்தில் இந்த ஊரில் இரவு மின்சாரம் இல்லாத வீடுகளில், பற்றரி றேடியோவைச் சன்னமாக வைத்து, ஆனந்தி அக்காவின் குரலுக்குக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கட்டடத்தின் பெயர். நிகழ்ச்சி முடிவில் சொல்லும் முகவரியில் அது வரும். ஹோர்லிக்ஸ் விற்கக் கூடம் கட்டிய அதே கூரையின் கீழிருந்துதான் எங்களுக்குச் செய்தி வந்தது என்பது எனக்குத் தெரியவந்தபோது நான் விளம்பரத் தொழிலை விட்டு வெகுநாளாகியிருந்தது.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. லக்சம்பேர்க் பிரித்தானியாவுக்கு எதுவோ, அதுதான் இலங்கை வானொலி இந்தியாவுக்கு.

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியக் கட்டளையகம் கண்டிக்கு வந்தபோது படைவீரருக்காக றேடியோ சீயாக் தொடங்கினார்கள். எங்கள் துறைமுகத்தில் கிடந்த கடற்படைக்காரரும் அதன் நேயர்கள்தான். ஏக்கலையில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்புக் கருவியும் நிலையமும் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தன. சின்ன நாட்டுக்கு அவ்வளவு பெரிய தொண்டை! 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபர்ட் டொட் அதை வழிநடத்தினார்.

காலமும் கைகொடுத்தது. 1952இல் இந்தியாவில் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கருக்குத் திரைப்பாடல் ஆகாது. அகில இந்திய வானொலியில் அது ஒதுங்கியது. இந்தியச் சனம் கொழும்புப் பக்கம் திருகியது. அந்த வருடக் கடைசியில் பினாக்கா கீத்மாலா என்ற ஹிந்தித் திரைப்பாட்டு வரிசை நிகழ்ச்சி தொடங்கியது. உபயம் சீபா கம்பனியின் பற்பசை. நிகழ்ச்சியை இலங்கை வானொலி செய்யவில்லை. பம்பாயில் றேடியோ அட்வர்டைசிங் சேர்விசஸ் என்ற விளம்பர நிறுவனம் செய்தது. அமீன் சயானி அங்கே இருந்து பேசிப் பதிவு செய்ய, அது விமானத்தில் கொழும்புக்கு வந்து, கொழும்பிலிருந்து காற்றில் பம்பாய்க்கே திரும்பிப் போனது. லண்டன், லக்சம்பேர்க், லண்டன் என்று போன அதே வளையம். தொடக்கத்தில் கிழமைக்கு 25 ரூபாய் சம்பளம் என்று சயானியே சொல்லியிருக்கிறார். அவர் 2024 பெப்ரவரியில் காலமானார்.

எங்கள் கடை இருந்த டைக் வீதிப் பக்கம் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒரு கூட்டம் நிற்கும். ஹிந்தி ஒரு சொல் தெரியாது. எந்தப் பாட்டு எத்தனையாம் இடம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். தேத்தண்ணிக்கடை நானா ஒருவர் முதலாம் இடத்துக்குப் பந்தயம் கட்டுவார், தோற்றால் எல்லோருக்கும் பிளேன்ரீ. அவர் தோற்க வேண்டும் என்று நாங்கள் நேர்ந்ததுண்டு.

தமிழில் மயில்வாகனன், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் என்று ஓர் அறிவிப்பாளர் வரிசை. தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் இவர்கள் குரல் சொந்தக்காரர் குரல்போல இருந்தது என்பதை அங்குள்ள முதியவர்களைக் கேட்டால் தெரியும். அமெரிக்க முறைக்கும் எங்கள் முறைக்கும் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. ஹிந்தி நிகழ்ச்சிகள் பல வெளியில் செய்யப்பட்டு வந்தவை. தமிழ்ப் பக்கம் நிலையத்து அறிவிப்பாளரே பல வேலையைத் தோளில் சுமந்தார். உபயகாரர் பெயர் முன்னால் வரும், ஆனால் கேட்பவர் மனதில் நின்றது அறிவிப்பாளர் பெயர்தான். "பாட்டுக்குப் பாட்டு" நிகழ்ச்சி என்றாலும் நாங்கள் கேட்டது ஹமீதை. கே. எஸ். ராஜா சினிமா விளம்பரத்தை வாசிக்கும் வேகத்தைக் கேட்கவென்றே விளம்பரத்துக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் வரும்போதுதான் உலகம் சத்தத்தைக் குறைக்கும். நாங்கள் கூட்டினோம்.

இந்தியா பிறகு விழித்தது. 1957இல் அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித பாரதி, 1967இல் அதிலே விளம்பரம். அதே 1967இல் இங்கே வானொலி கூட்டுத்தாபனமானது. பம்பாய்க் காசு மெல்ல மெல்ல வீட்டுக்குத் திரும்பியது.

நான் கொழும்பில் வேலை செய்த காலத்தில் இந்த முறையின் வால்தான் மிச்சம். முழு நிகழ்ச்சிக்கு உபயம் எடுப்பவர் குறைவு, 30 வினாடி விளம்பரம்தான் பிழைப்பு. முதலில் ஆங்கிலத்தில் யோசிப்பார்கள், பிறகு சிங்களத்தில் மெட்டுப் போடுவார்கள், எல்லாம் முடிந்து பின்னேரம் நாலரைக்கு என் மேசைக்கு வரும்: "தமிழ் ஒன்று போட்டுத் தாங்கோ, ஆறு மணிக்குப் பதிவு." மெட்டு முடிந்த முடிவு. சிங்களத்தில் மூன்று அசையில் முடிகிற இடத்தில் தமிழுக்கு ஆறு அசை வேண்டும். ஒருமுறை ஒரு சவர்க்காரத்துக்கு நான் "சவுக்காரம்" என்று எழுத, மேலாளர் சென்னையில் "சோப்பு" என்றுதான் போடுகிறார்கள் என்று திருத்தினார். இங்கே கேட்கிற சனம் சோப்பு என்று சொல்லாது என்றேன். மெட்டுக்குச் சோப்புதான் பொருந்துகிறது என்றார். அவர் சொன்னதும் உண்மைதான், மெட்டுக்கு அதுதான் பொருந்தியது. ஒலிபரப்பானதும் மூதூரிலிருந்து என் மச்சான் போன் எடுத்து, "எப்ப தொடக்கம் நீ இந்தியாக்காரன்?" என்றான்.

அமெரிக்காவில் உபய முறை எப்படி முடிந்தது என்பதற்குப் பலர் வினாவிடைப் போட்டி ஊழலைச் சொல்வார்கள். விடைகளை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள் என்று 1959 நவம்பரில் சார்ல்ஸ் வான் டோரன் காங்கிரஸ் விசாரணையில் ஒத்துக்கொண்டார். அதன்பிறகு நிகழ்ச்சிக் கட்டுப்பாட்டை நிலையங்கள் தங்கள் கைக்குள் இழுத்தன. ஆனால் விலைதான் அதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட்டது. தொலைக்காட்சி நாடகம் ஒன்றுக்கு ஆகும் செலவைத் தனி ஒரு கம்பனியால் தாங்க முடியவில்லை. என்.பி.சி.யின் பாட் வீவர், நிகழ்ச்சியை நிலையமே செய்யட்டும், பத்திரிகையில் பக்கம் வாங்குவதுபோல ஆளுக்கு ஒரு நிமிடம் வாங்குங்கள் என்றார். இத்தனைக்கும் அவரே விளம்பர நிறுவனத்திலிருந்து வந்தவர். திருவிழா உபயம் போய், ஒலிபெருக்கியில் "அன்னதானத்துக்கு இன்னார் ஐந்நூறு ரூபாய்" என்று வாசிக்கும் காலம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொம்சன் அதற்குப் பிறகும் பெரிய நிறுவனமாகத்தான் இருந்தது, வானொலிக் காலத்து அதிகாரம்தான் போனது. 1987இல் மார்ட்டின் சொரெல்லின் டபிள்யூ.பி.பி. அதை 566 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அந்த மூன்றெழுத்தின் விரிவு கம்பி, பிளாஸ்டிக் பொருட்கள் என்பதுதான். கடைகளில் சாமான் போடும் கம்பிக்கூடை செய்த கம்பனி அது. 2018இல் வுண்டர்மனோடு இணைத்து "வுண்டர்மன் தொம்சன்" ஆக்கினார்கள், 2023இல் இன்னொரு இணைப்பை அறிவித்து அடுத்த வருடத்திலிருந்து வி.எம்.எல். என்றாக்கினார்கள். கொமடோரின் பெயர் பலகையிலிருந்து போயிற்று.

உங்கள் ஆய்வுக்கு வேண்டியது ஒன்று: நிறுவனம் கைமாறிய அதே காலத்தில் அதன் பழைய கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், விளம்பரங்கள் எல்லாம் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அங்கே ஹார்ட்மன் மையத்தில் வைத்திருக்கிறார்கள், ஒரு பகுதி இணையத்திலும் கிடைக்கிறது. ரீபரின் ஆட்கள் கூட்டங்களில் நேயர்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்று அங்கே தேடலாம். லக்ஸ் அரங்கின் பல நிகழ்ச்சிகளை முழுதாகவே கேட்கலாம், பதிவுகள் தப்பியிருக்கின்றன.

எங்கள் பக்கம் அப்படி இல்லை. ஒலிநாடா விலை கூடிய சாமான். நான் இருந்த இடத்தில் விளம்பரம் ஓடி முடிந்ததும் நாடாவை அழித்து அடுத்ததற்கு எடுப்போம். நானே என் கையால் அழித்தவை நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆனால் இந்த ஊரில் றேடியோவிலிருந்து கசெட்டில் பிடித்து வைத்தவர்கள் உண்டு, பாட்டைப் பிடிக்கும்போது நடுவில் விளம்பரமும் விழுந்திருக்கும். டைக் வீதியிலும் உப்புவெளியிலும் இரண்டு மூன்று பேரைத் தெரியும். ஒருவர் வீட்டில் பெட்டி நிறையக் கிடக்கிறது, மழைக்காலம் தொடங்குவதற்குள் பார்த்துவிட வேண்டும், பூஞ்சணம் பிடித்துவிடும். சனிக்கிழமை காலை என்றால் நானும் கூட வருகிறேன். கசெட் போடும் மெசின் ஒன்றைத் திருத்தி வைத்திருக்கிறேன், பெல்ட் மட்டும் கொஞ்சம் வழுக்குகிறது.